பட்டப்பகலில் எரியும் ட்யூப்லைட்

தேவிபட்டினத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனால், காலை பதினொரு மணிக்கும் முன்னறையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். வாசலில் கண் கூசும் வெயில், கூப்பிடு தூரத்தில் கடல். உள்ளே மட்டும் அந்தி. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டிய புது வீடு அது. ஜன்னலுக்கெல்லாம் கருப்புக் கண்ணாடி, அதன்மேல் கூலிங் பேப்பர், அதற்கும் உள்ளே கனத்த திரை. கேட்டால், "வெக்கை உள்ள வந்துரும்ப்பா" என்பார்.

வெக்கை குறைந்ததோ என்னவோ, அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. இரவு ஒரு மணி வரை புரண்டு படுக்கிறார். பகலில் நாற்காலியிலேயே தலை சாய்கிறது. வயதானால் தூக்கம் கெட நூறு காரணம் உண்டு. எல்லாப் பழியையும் ஜன்னல் மேல் போட மாட்டேன். ஆனால் அதையும் விசாரிக்க வேண்டும்.

விழித்திரையில் கோல் செல், கூம்பு செல் என இரண்டு வகைதான் ஒளியை உணரும் என்று பள்ளியில் படித்தோம். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு என்பதை அமெரிக்காவில் டேவிட் பெர்சன், சாமர் ஹட்டார் ஆகியோரின் ஆய்வுகள் 2002-ல் உறுதி செய்தன. மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இந்தச் செல்களின் முதல் வேலை உருவங்களைக் காட்டுவதல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று மூளைக்குத் தகவல் சொல்வதுதான். 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு இவை அதிகம் அசையும். தெளிந்த வானத்தின் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகவல் போய்ச் சேருமிடம் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து. உடலின் தலைமைக் கடிகாரம் அதுவே. இரவில் மெலடோனின் என்ற, உடலுக்கு இரவை உணர்த்தும் ஹார்மோனைச் சுரக்கச் சொல்வதும், விடிந்ததும் நிறுத்தச் சொல்வதும் அதன் பொறுப்பு.

இந்தக் கடிகாரம் கொஞ்சம் மந்தம். மனிதர்களில் சராசரியாக ஒரு சுற்றுக்கு 24 மணி 10 நிமிடத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொள்கிறது. காலை வெளிச்சம் முள்ளை முன்னே தள்ளும். இரவு வெளிச்சம் பின்னே இழுக்கும். தினமும் யாராவது திருத்தாவிட்டால் அது தன் போக்கில் ஓடும். இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து மதுரையில், காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனின் குழு, வெயிலும் கடிகாரமும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து அவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தது.

திருத்த எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். பகலில் கண்ணில் வந்து விழுவது, பகல் வெளிச்சத்துக்கு ஈடாகக் கணக்கிட்டால், குறைந்தது 250 லக்ஸ் இருக்க வேண்டும் என்று 2022-ல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு பரிந்துரைத்தது. படுக்கும் முன் மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மேல் கூடாது. வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஐப்பசி மேகமூட்டத்தில்கூடப் பல ஆயிரம் கிடைக்கும். ஒற்றை ட்யூப்லைட் அறையில் கண்ணுக்கு வருவதோ பெரும்பாலும் நூறு, நூற்றைம்பதுதான். படிக்கப் போதும், கடிகாரத்துக்குப் பகல் என்று சொல்லப் போதாது. அதே விளக்கு இரவு பத்து மணிக்கு எரிந்தால் அது இரவு என்று சொல்லவும் விடாது.

இனி கண்ணாடிக்கு வருவோம். நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தில் 100-க்கு 85-க்கு மேல் உள்ளே விடும். கருப்புக் கண்ணாடி 40 விடுகிறது, பேப்பர் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் விடுகிறது என்று வைத்தால், மிஞ்சுவது 8. பிறகு திரை வேறு. பழுப்பு நிறக் கண்ணாடியென்றால் நீலம் இன்னும் அதிகமாக அடிபடும். வயதான கண்ணில் வில்லையும் மஞ்சள் படிந்து நீலத்தை வடிகட்டுகிறது. ஆகவே வெளிச்சம் அதிகம் தேவைப்படுபவருக்குத்தான் இந்த வீட்டில் குறைவாகக் கிடைக்கிறது.

இத்தனை செய்தும் வெக்கை முழுதாக நிற்பதில்லை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கருப்புக் கண்ணாடி வெயிலை விழுங்கித் தானே சுட்டு, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள் விடுகிறது. மதியம் தொட்டுப் பாருங்கள். மெல்லிய வெள்ளிப் பூச்சு கொண்ட கண்ணாடிகள் இப்போது கிடைக்கின்றன. அவை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளிச்சத்தை விடும். விலை கூடத்தான். அதைவிட மலிவு, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது: சன்ஷேட், தாழ்வாரம், ஒரு கிடுகுத் தட்டி.

எங்கே நிறுத்துவது என்பதற்கு இந்தக் கரையின் சூரியனைப் பார்க்க வேண்டும். சித்திரை பிறக்கும் நாட்களில் ராமநாதபுரத்தில் உச்சிப்பொழுதில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும். அப்போது சுடுவது மொட்டைமாடி. வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குச் சின்ன சன்ஷேடே போதும். உண்மையான தொல்லை மேற்கு ஜன்னல்தான். கூலிங் பேப்பர் ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அங்கே ஒட்டுங்கள். கிழக்கு ஜன்னலை மட்டும் விட்டுவிடுங்கள். கடலிலிருந்து எழும் இளவெயிலுக்குச் சூடு குறைவு, கடிகாரத்தைத் திருத்தும் வேலையோ அதற்கே அதிகம். உப்புக் காற்று படிந்த கண்ணாடியை வாரம் ஒரு முறை கழுவினால் இன்னும் நல்லது.

ஆனால் இரவெல்லாம் விசைப்படகில் இருந்துவிட்டு விடிந்ததும் கரையேறிப் படுப்பவருக்கு இருட்டறை வேண்டும். அவர் வீட்டுக் கருப்புக் கண்ணாடியை நான் தொடமாட்டேன்.

பெரியம்மா வீட்டுக் கிழக்கு ஜன்னல் பேப்பரைப் போன மாதம் சோப்புத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்தோம். நாற்காலியும் அங்கே நகர்ந்துவிட்டது. காலையில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், முட்டிவலி என்றார். ட்யூப்லைட் மட்டும் இன்னும் எரிகிறது. அதை அணைக்க அவருக்கு மனசு வரவில்லை.