டெனர் இல்லாத பாடகர் குழுவும் தேடல் பெட்டியும்

நவம்பர் பிறந்தால் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நத்தார் (கிறிஸ்துமஸ்) பாட்டுப் பயிற்சி தொடங்கிவிடும். சோப்ரானோ என்ற பெண்களின் மேல்குரலுக்குப் பெண்பிள்ளைகள் நிறைய உண்டு. ஆல்ட்டோ என்ற பெண்களின் கீழ்க்குரலுக்கும் ஆள் தேறும். டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடவேண்டிய இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலையில் இருக்கிறார்கள். டிசம்பர் 24ஆம் திகதி பின்னேர பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். மிஞ்சுவது பெரியவர்கள் இரண்டு மூன்று பேரின் அடிக்குரல் (பேஸ்). இப்படிப்பட்ட குழுவுக்குப் பாட்டுத் தேடும் ஆசிரியர், இணையக் களஞ்சியம் ஒன்றின் தேடல் பெட்டியில் 'மூன்று குரலுக்கு எளிய நத்தார்ப் பாட்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியத்தை எழுதுகிறார். ஒன்றும் வருவதில்லை, வந்தால் ஆயிரம் வருகிறது.

அந்தப் பெட்டிக்குப் பாட்டுக் கேட்காது என்பதுதான் காரணம். கூட்டிசைத் தாள்களுக்கான இணையக் களஞ்சியமான கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரியை ரஃபேல் ஓர்னெஸ் 1998 டிசம்பரில் தொடங்கினார். 2005இல் அது விக்கி வடிவத்துக்கு மாறியது. எல்லா வகை இசைத்தாள்களையும் சேர்க்கும் ஐஎம்எஸ்எல்பி 2006இல் வந்தது. இரண்டிலும் இசைத்தாள்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாகவே கிடக்கின்றன. அந்தக் கோப்புக்குள் இருக்கும் சுரங்களைத் தேடல் பெட்டி பார்ப்பதில்லை. பாட்டின் பெயர், இயற்றியவர், குரல் அமைப்பு, மொழி, பக்கவாத்தியம், திருநாள் என்று யாரோ ஒரு தன்னார்வலர் எழுதி வைத்த விவரங்களைத்தான் அது படிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியதை நம் வாயால் கேட்பதைவிட, அந்த விவரத்தை எழுதியவர் என்ன சொல்லைப் போட்டிருப்பார் என்று ஊகித்துக் கேட்பதே பலன் தரும்.

உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் தேடும் நேரத்தில் கணினி பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. பாடநூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்தால் இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவான பக்கங்களை மட்டும் எடுத்துக் கொடுக்கும். ஏழு சொற்களைக் கொடுத்தால் ஏழும் சேர்ந்து இருக்கும் பக்கம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்றும் வராமற்போனதற்கு விளக்கம் இவ்வளவுதான். 'ஏதாவது ஒன்று இருந்தால் போதும்' என்ற முறையில் இயங்கும் பெட்டி என்றால் அதே ஏழு சொற்களுக்கு ஆயிரம் பக்கங்கள் கொட்டும்.

கொட்டியதை வரிசைப்படுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அரிதாக வரும் சொல்லுக்கு அதிக மதிப்பு, எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த மதிப்பு என்ற கணக்கை 1972இல் முன்வைத்தவர் பிரித்தானிய ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். இன்றைய தேடுபொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் அந்த எண்ணம் இருக்கிறது. 'குளோரியா', 'ஆமென்' போன்றவை ஒரு திருச்சபை இசைக் களஞ்சியத்தில் எங்கும் கிடக்கும் சொற்கள். அவற்றால் எதுவும் வடிகட்டப்படாது. பாட்டின் நடுவரியில் வரும் விசித்திரமான ஒரு சொல் நினைவிருந்தால் அதைக் கொடுங்கள். அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று சொற்கள் நிச்சயமாகத் தெரிந்தால் அவற்றை மேற்கோள் குறிக்குள் அடைத்தால் அதே வரிசையில் உள்ளவை மட்டும் வரும். பெரும்பாலான பெட்டிகளில், வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது உள்ள பக்கங்கள் விலகிவிடும்.

சங்கீதங்களைத் தேடுகிறவர்கள் ஓர் இடத்தில் வழக்கமாகத் தடுக்கி விழுவார்கள். மான் நீரோடையைத் தேடும் சங்கீதம் நமது தமிழ் வேதாகமத்தில் 42ஆவது. இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்திரினா அதை 'சீக்குத் செர்வுஸ்' என்று லத்தீனில் நான்கு குரலுக்கு அமைத்திருக்கிறார். ஆனால் பழைய லத்தீன் வேதாகமத்தில் அது 41. எபிரேய மரபில் 9, 10 என்று தனித்தனியாக இருக்கும் சங்கீதங்களைக் கிரேக்க, லத்தீன் மரபு ஒன்றாகவே எண்ணியதால், அதன் பிறகு 147 வரை பெரும்பாலான எண்கள் ஒன்று பின்தங்கி நிற்கின்றன. 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்ற 23ஆம் சங்கீதமும் லத்தீனில் 22தான். எண்ணைக் கொடுத்து எதுவும் கிடைக்காவிட்டால் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். தலைப்பும் மூல மொழியிலேயே பதிவாகியிருக்கக்கூடும்; லத்தீனின் முதல் இரண்டு சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி டெனர் பிரச்சினை. தேடல் பெட்டியை விட்டு அருகிலுள்ள தெரிவுப் பட்டியல்களுக்குப் போக வேண்டிய இடம் இது. குரல் அமைப்பு ஆங்கில முதலெழுத்துகளால் குறிக்கப்படும். நான்கு குரலும் சேர்ந்தது எஸ்ஏடிபி. டெனரைக் கழித்தால் எஸ்ஏபி; நமது குழுவுக்கு வேண்டியது அதுதான். அந்த மூன்றெழுத்தைப் பெட்டிக்குள்ளேயே அடித்தால் என்ன என்று கேட்கலாம். மைஎஸ்கியூஎல் என்ற பெயர்பெற்ற தரவுத்தள மென்பொருளில் பழைய வகை உரைத் தேடல், அமைப்பை மாற்றாதவரை நான்கு எழுத்துக்குக் குறைந்த சொற்களைக் கணக்கிலேயே எடுக்காது. மூன்றெழுத்துச் சொல்லைக் கொடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துபோனவர்கள் இப்படியான தளங்களில் ஏமாந்திருப்பார்கள். தெரிவுப் பட்டியலில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே சொல் தேடப்படுவதில்லை; அந்த வகையில் சேர்க்கப்பட்ட பாட்டுகளின் தொகுதி அப்படியே எடுக்கப்படுகிறது. 'எஸ்ஏபி' தொகுதி, 'நத்தார்' தொகுதி, 'பக்கவாத்தியம் இல்லை' தொகுதி ஆகிய மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ளவை மட்டும் திரைக்கு வரும். பண்டாரவளை இருக்கும் ஊவா மாகாணத்தில் டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம்; மழைக்கு மின்சாரம் போனால் கீபோர்டும் போய்விடும் என்பதால் கடைசித் தெரிவு எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

தெரிவுகளை அளவோடு போட வேண்டும். ஒரு பாட்டில் குறிப்பிட்ட விவரத்தை யாரும் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், அந்தத் தெரிவைப் போட்ட கணத்திலேயே பாட்டு சத்தமில்லாமல் மறைந்துவிடும். மறைந்தது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. குரல் அமைப்பை இசைத்தாளைப் பார்த்தே எழுதிவிடலாம் என்பதால் அது பெரும்பாலும் பதிவாகியிருக்கும். 'எளிது, கடினம்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். லண்டனில் ஒருவர் எளிது என்று எழுதியது எங்கள் குழுவைத் திணறடிக்கலாம். கடினத் தெரிவை நான் தொடவே மாட்டேன். குரல் அமைப்பை முதலில் போடுவேன், வந்தது அதிகமாக இருந்தால் மட்டும் அடுத்தது. மிகக் குறைவாக வந்தால் எழுத்தைத் தளர்த்தி 'மூன்று குரல்' என்று பொதுவாகக் கேட்பேன். பழைய மூன்று குரல் பாட்டுகள் பல வேறு எழுத்துகளில் பதிவாகியிருக்கும். சுருதியைக் கூட்டிக் குறைத்து நம்மவர்களுக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

தமிழ்ப் பாட்டு என்றால் சிக்கல் வேறு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் மலையகத்திலும் பாடப்படுகின்றன. அவர் பெயரின் கடைசிப் பகுதியை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகவும் எழுதலாம். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். தமிழ் எழுத்திலேயே தேடினாலும் முழு நிம்மதி இல்லை. கணினியின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை 'க'வுடன் ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் உருவாக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளைச் சேர்த்தும் உருவாக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத தேடுபொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். இதைவிடப் பெரிய இடைஞ்சல் பாமினி. இலங்கையில் ஆண்டுக்கணக்காகப் பாட்டுப் புத்தகங்கள் அந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடுக்கு மாற்றாமல் வலையேற்றிய பாமினிக் கோப்பை எந்தத் தமிழ்ச் சொல்லாலும் கண்டுபிடிக்க முடியாது.

பெயரும் தெரியாது, வரியும் தெரியாது, மெட்டு மட்டும் வாயில் நிற்கிறது என்றால்? அதற்கும் வழி உண்டு. டெனிஸ் பார்சன்ஸ் 1975இல் மிக எளிய முறை ஒன்றை வெளியிட்டார். தாளத்தையும் சுருதியையும் விட்டுவிடுங்கள். அடுத்த சுரம் முந்தையதைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். 1818இல் ஆஸ்திரியாவில் ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்த 'சைலன்ட் நைட்'டை நமது சுரத்தில் பாடிப் பாருங்கள்: ப த ப க, ப த ப க, மேல் ரி ரி, நி, மேல் ச ச, ப. ஏற்றத்துக்கு ஏ, இறக்கத்துக்கு இ, அதே சுரத்துக்கு அ என்று போட்டால் ஏ இ இ ஏ ஏ இ இ ஏ அ இ ஏ அ இ. பதினான்கு சுரங்களுக்கு 13 நகர்வுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு என்பதால் 13 நகர்வுகளில் 15,94,323 வடிவங்கள் அமைய முடியும். இரண்டு வரி முணுமுணுப்பே ஒரு பாட்டை அடையாளம் காட்டிவிடுவது இதனால்தான். மியூசிபீடியா தளத்தில் இம்முறையில் தேடலாம். அங்கே ஏற்ற, இறக்க, சமத்துக்கு யு, டி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளைப் போட வேண்டும். சுருதி சேராமல் பாடுகிறவருக்கும் இது உதவும்: எவ்வளவு ஏறினீர்கள் என்பது கணக்கில் இல்லை, ஏறினீர்களா என்பதே கேள்வி. ஆனால் பதிவாகியிருப்பது முதன்மை மெட்டு. ஆல்ட்டோ பாடும் பெண் தன் பகுதியை எழுதித் தேடினால் சம்பந்தமில்லாத பாட்டுகள்தான் வரும்.

கிடைத்த பாட்டைத் தரவிறக்குவதற்கு முன் பதிப்பு விவரத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஒரே பாட்டுக்குப் பல பதிப்புகள் இருக்கும். தாளின் அளவு அமெரிக்க 'லெட்டர்' என்றால், ஏ4 தாளில் போட்டோகொப்பி அடிக்கும்போது கடைக்காரரிடம் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். மிடி கோப்பும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஒலிப்பதிவு அல்ல, எந்தச் சுரம் எப்போது என்ற கட்டளை மட்டும் என்பதால் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் தோட்ட லயன் வீடுகளிலும் சட்டென்று இறங்கிவிடும். உரிமை விவரத்தையும் படியுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி காப்புரிமை இயற்றியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. இயற்றியவர் இறந்து இருநூறு ஆண்டு ஆகியிருந்தாலும், அதை எஸ்ஏபிக்கு மாற்றியமைத்தவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்த அமைப்புக்கு உரிமை அவருடையது.