தூங்க மாத்திரை கேட்பதற்கு முன்

கோபிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து 46 வயதுத் தம்பி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வரும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு. விடிந்ததும் கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடுவது இருபது வருடமாக அவர் வேலை. மூன்று மாதமாக வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்கிறார், கையைப் பிடித்தால் அடிக்கிறார். "வயசாகுதுல்லீங்க, பிடிவாதம் கூடிப்போச்சு. தூங்கறதுக்கு ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்றார் எழுபதைத் தாண்டிய அம்மா.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை. படியின் விளிம்பு தெரியாமல் பயந்திருக்கிறார், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் குறைவு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இரண்டுமே மற்றவர்களைவிட அதிகம் வரும். புரை சீக்கிரமே வந்துவிடும்.

வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் செய்கையில்தான் காட்டுவார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு அம்மிணி சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். கடைவாய்ப் பல் சொத்தை. இன்னொருவர் தட்டைத் தள்ளிவிட்டார், மலச்சிக்கல். அதுவும் அவரை அமைதிப்படுத்த எங்களைப் போன்ற டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையால் வந்தது.

வயதானால் இவர்களுக்கு மறதி நோய் வராது என்று சொல்லவில்லை. டவுன் சிண்ட்ரோமில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அல்சைமர் என்கிற மறதி நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு புரதத்துக்கான மரபணு அதில்தான் உள்ளது. அதனால் 40 வயதிலேயே படிவு பெரும்பாலும் இருக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிட்டார் என்று சொல்ல, முன்பு அது தெரிந்திருந்ததா என்று தெரிய வேண்டுமே! டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் வீட்டில் இருந்தால், 35 வயதிலிருந்தே அவர் நடப்பது, பொத்தான் போடுவது, வீட்டில் இருப்பவர்கள் பேர் சொல்வதை எல்லாம் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும். பட்டிப் பொங்கலன்று எடுத்தால் மறக்காது.

அப்புறம், இப்படிப்பட்டவர்களுக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுக்க வேண்டும். அம்மா நடமாட்டமாக இருக்கும்போதே இதை முடிப்பது நல்லது.

அந்தத் தம்பிக்குக் கண் அறுவை முடிந்தது. படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அவரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியிருந்தார். முதல் வரி: "வயிறு வலிச்சா இடது காதை இழுப்பான்." ஒரே வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு அன்றுதான் அது தெரிந்ததாம்.