மேலதிக நேரக் கொடுப்பனவு

காத்தான்குடிப் புடவைக் கடையிலோ கல்முனை ஹார்ட்வெயாரிலோ இதை யாரும் முழுப் பெயரால் சொல்வதில்லை. 'ஓ.டி.' என்றால் போதும். ஆங்கில 'ஓவர் டைம்' சுருங்கி வந்த வடிவம் அது. சம்பளச் சீட்டில் மட்டும் 'மேலதிக நேரக் கொடுப்பனவு' என்று நீளும். 'மேல்' தமிழ், 'அதிகம்' வடமொழி. இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் என்றாலும் 'மேலதிகம்' நம் பக்கம் நன்றாகவே ஊறிவிட்டது, அது இருக்கட்டும்.

இடிப்பது 'கொடுப்பனவு'தான். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, பயணக் கொடுப்பனவு என்ற வரிசையில் இதையும் வைத்தால், முதலாளி மனமிரங்கித் தருவதுபோல் ஒலிக்கிறது. ஆனால் இது செய்த வேலைக்கான கூலி. அதனால் 'மிகைநேர ஊதியம்' என்பதே பொருத்தம் என்பேன்.

"மாதச் சம்பளக்காரருக்கு ஓ.டி. இல்லை" என்று மட்டக்களப்பில் பலர் நம்புகிறார்கள். அது தவறு. இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, சாப்பாட்டு இடைவேளை சேராமல். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் ஒரு மணிக்கூலி வரும். 48,000 ரூபாய் வாங்குபவருக்கு அது 200 ரூபாய், ஓ.டி.க்கு 300. பெருநாள், தீபாவளி வியாபாரம் என்றாலும் மிகைநேரம் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது.

சரி, மனேஜருக்கு? நிறைவேற்று, முகாமைப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்த ஓ.டி. விதி பொருந்தாது. இங்கேதான் 'முகாமையாளர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முகாமை செய்பவர் என்றால் ஆட்களை நடத்துபவர், தீர்மானம் எடுப்பவர். நாள் முழுக்கப் பில் போட்டு, சாமான் அடுக்கி, இரவில் கடையைப் பூட்டும் பிள்ளைக்கு 'உதவி முகாமையாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்துவிட்டு ஓ.டி.யை நிறுத்துவது எனக்கு அநியாயமாகவே படுகிறது. அப்படி நடந்தால் நியமனக் கடிதத்தையும் வேலை நேரக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம்.

இன்னொன்று: வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுக்கு ஊழியர் சேமலாப நிதிப் (ஈ.பி.எஃப்.) பங்களிப்பு உண்டு, ஓ.டி.க்கு இல்லை. சீட்டில் இரண்டையும் ஒரே வரியில் போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.