தெரிவு: 'ஆப்ஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

கணினிக்கு எழுத்தால் கட்டளை இடும்போது, கட்டளையின் பெயரை அடுத்து ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் வருமே, அதுதான் ஆப்ஷன். எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கட்டளை சொல்லும். எப்படி என்பதை இது சொல்லும்.

லத்தீனில் 'ஆப்டாரே' என்றால் தேர்ந்தெடுத்தல், விரும்புதல். 'விருப்பத்தேர்வு' இரண்டையும் சுமக்கிறது. கட்டளை வரிக்கு அது பாரம். 'தெரிவு' போதும். ஆராய்ந்து தேர்வது தெரிதல். குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்திலும் அதே பொருள்தான். இலங்கைத் தமிழர் இச்சொல்லை அன்றாடம் புழங்குகிறார்கள்.

மென்பொருள் தொகுப்புகளை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளர்களில்தான் தெரிவுகள் மிகவும் குழப்புகின்றன. ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளரான பேக்மேனில் பெரிய 'எஸ்'ஸை அடுத்துச் சிறிய 'எஸ்' வந்தால் 'தேடு' என்று பொருள். பெரிய 'ஆர்' எழுத்தை அடுத்து அதே சிறிய 'எஸ்' வந்தால், தொகுப்பை நீக்குவதோடு, அதற்காக வந்து இனி எதற்கும் தேவைப்படாத துணைத் தொகுப்புகளையும் நீக்கச் சொல்வதாகும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலும் இதே கதை. அதன் தொகுப்பு மேலாளர்களில் ஆப்ட்-கெட்டுக்குச் சிறிய 'எஸ்' வெறும் ஒத்திகை, எதுவும் நிறுவப்படாது. டிபிகேஜிக்கோ அது தொகுப்பின் நிலையைக் கேட்பது. இருப்பதோ இருபத்தாறே எழுத்துகள், ஒரே எழுத்து பல வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

திருவாரூர்ப் பக்கம் ஒரு மதகில் வலப்புறம் திருகினால் ஷட்டர் ஏறும் என்று கைப்பழகிய லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளர், அடுத்த மதகிலும் அப்படித்தானே திருகுவார்? அங்கே ஷட்டர் இறங்கினால் கடைமடை வயல் காயும். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் லினக்ஸ் படிக்கும் பிள்ளைகள், 'எஸ் என்றால் தேடு' என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டு, அது பொய்க்கும்போது தங்களையே நொந்துகொள்கிறார்கள். குறை கருவியை வடிவமைத்தவர்களுடையது. இதை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓரெழுத்துத் தெரிவைக் குறுந்தெரிவு என்றும், இரட்டைக் கோட்டுடன் முழுச்சொல்லாக வருவதை நெடுந்தெரிவு என்றும் அழைக்கலாம். பேக்மேனில் 'சர்ச்', 'ரிகர்சிவ்' என்று நெடுந்தெரிவாக எழுதினால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். எதையும் நீக்கும் கட்டளைக்கு நெடுந்தெரிவையே பழக்குங்கள்.