மூலதன ஆதாயம்

மனை, வீடு, நகை, பங்கு போன்ற சொத்தை வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்கும்போது கிடைக்கும் லாபம் மூலதன ஆதாயம். 'கேப்பிட்டல் கெயின்' என்பதற்கு நம் பாடநூல்களும் வரித்துறையும் வழங்கும் சொல் இது. வட்டி, வாடகை, டிவிடெண்ட் இதில் சேரா. விற்கும்வரை வரியும் இல்லை. சம்பளத்திலோ மாதாமாதம் பிடித்துவிடுகிறார்கள்.

'கேப்பிட்டல்' தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மூலம், தனம் இரண்டும் வடசொற்கள். தமிழில் 'முதல்' என்றாலே போதும். முதலாளி, முதலீடு எல்லாம் அதன் கிளைகள்தாம். "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்கிறது குறள் (449). அங்கே ஊதியம் என்பது சம்பளமல்ல, முதல் போட்டவர் காணும் லாபம்! இன்று அது உழைப்புக்கான கூலியைக் குறிப்பதால், 'முதல் ஊதியம்' என்று எழுதினால் முதல் மாதச் சம்பளம் என்றுதான் படிப்பார்கள். 'முதற்பெருக்கம்' என்பது என் பரிந்துரை. வட்டி முதலிலிருந்து பிரிந்து வருவது. இதில் முதலே பெருகி நிற்கிறது.

இந்தியாவில் 1947இல் வந்த இந்த வரி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோரின் 1956ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மீண்டும் கொண்டுவந்தார். சொத்து விற்ற லாபமும் வருமானமே என்பது கால்டோரின் நிலைப்பாடு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

புதிய வரிமுறையில், 2025-26 நிதியாண்டு முதல், 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பள வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு, அது நல்லதுதான். ஏற்றத்தாழ்வு மேலே போகப்போகத் தெரியும். 24 லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 காசு வரி. பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபம் எத்தனை கோடியானாலும், ஆண்டுக்கு 1.25 லட்சம் விலக்குப் போக அடிப்படை விகிதம் 12.5 சதவீதம்தான். 2004 முதல் 2018 வரை அதுவும் கிடையாது, பங்கை வாங்கி விற்கும்போது கட்டும் பரிவர்த்தனை வரி மட்டுமே.

லாபத்தில் ஒரு பகுதி வெறும் விலைவாசி உயர்வு என்பார்கள். உண்மைதான். அதைக் கழித்துவிட்டு மீதிக்குச் சம்பளத்தைப் போலவே வரி போடலாம். பணவீக்கக் குறியீட்டைக் கொண்டு அப்படிக் கழிக்கும் முறை நம் சட்டத்தில் பல்லாண்டு இருந்ததுதானே. நிறுவனம் தன் லாபத்துக்கு முன்பே வரி கட்டிவிட்டது, மறுபடி ஏன் வரி என்ற வாதம் பங்குக்கு ஓரளவு பொருந்தும். மனைக்குப் பொருந்தாது. ஆனாலும் 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கிய மனையை இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், அதற்கும் அதே 12.5 சதவீதம்தான்.