காலம் ஓடுகிறது என்று கடிதம் வந்தால்

2019ஆம் ஆண்டில் ஒரு மழைநாள். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அருகிலுள்ள என் சிறிய அறைக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கையில் பொலித்தீன் பையால் சுற்றிய ஒரு கோவை. சிநேகிதர் ஒருவருக்கு எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் கடன் கொடுத்திருந்தார். 2012 ஜனவரியில் திரும்பி வந்திருக்க வேண்டிய பணம் வரவேயில்லை.

"இனிப் பொறுக்க முடியாது தம்பி. வழக்குப் போடப்போகிறேன். இந்தத் தமிழ்க் கடிதங்களை ஆங்கிலத்தில் மாற்றி, உங்கள் முத்திரையையும் வைத்துத் தாருங்கள்" என்றார்.

கோவையைப் புரட்டினேன். நடுவில் ஒரு சட்டத்தரணி 2015இல் அவருக்கு அனுப்பிய ஆங்கிலக் கடிதம் இருந்தது. அதில் ஒரு வரி, 2012 ஜனவரியிலிருந்து 'டைம்' 'ரன்' ஆகிக்கொண்டிருக்கிறது, உங்கள் முடிவை விரைவில் அறிவியுங்கள் என்றது.

"ஐயா, இந்தக் கடிதத்தை அப்போது வாசித்தீர்களா?"

"வாசித்தேனே. மருமகனும் வாசித்துச் சொன்னான். காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மெய்தானே? நமக்காகக் காலம் நின்றுகொண்டா இருக்கும்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தரணி தத்துவம் பேசவில்லை. வழக்குத் தொடர்வதற்கான கால எல்லை எண்ணப்படத் தொடங்கிவிட்டது என்று எச்சரித்திருந்தார். இந்தக் கால எல்லைகளை வகுப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்தில் வந்தது, இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால், மீறப்பட்ட நாளிலிருந்து பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் 3 ஆண்டுகள்தான். விதிவிலக்குகள் உண்டு, அவை சட்டத்தரணிகளின் வேலை, என்னுடையதல்ல. ஆனால் 2012உடன் ஆறைக் கூட்டுவதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பெரியவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தது 2019இல். நான் எதையும் மொழிபெயர்க்காமல், அடுத்த தெருவிலிருக்கும் ஒரு சட்டத்தரணியிடம் அவரை அனுப்பிவைத்தேன்.

கட்சிக்காரர்கள் யாரென்று தெரியாதபடி இந்தக் கட்டுரையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் மாற்றவில்லை.

மருமகனுடைய மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள். 'டைம்' என்றால் காலம், 'ரன்' என்றால் ஓடு. தமிழிலும் காலம் ஓடத்தான் செய்கிறது. சொற்கள் அப்படியே பொருந்திவிட்டதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கரடுமுரடான சட்டச் சொல் ஒன்று அந்த வரியில் இருந்திருந்தால் பெரியவர் அன்றைக்கே நாலு பேரிடம் விசாரித்திருப்பார். பெரிய சொற்களுக்குப் பயந்து அகராதியைத் தேடுகிறோம். பாலர் வகுப்பில் படித்த சொல்லை எவரும் தேடுவதில்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாக நான் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை அந்தச் சின்னச் சொற்களால் வந்தவைதான்.

'ரன்' எவ்வளவு சின்னச் சொல் என்று பாருங்கள். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் அதிகப் பொருள்களைச் சுமந்த வினைச்சொல் 'செட்'. அதற்கு 430 பொருள்கள். பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டு வந்தபோது 2011இல் 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லை ஒழுங்குபடுத்த அகராதியாசிரியர் ஒருவருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்ததாம். என்னிடம் வருகிறவர்களோ நாளைக் காலைக்குள் வேண்டும் என்கிறார்கள்.

நமது 'ஓடு' ஒன்றும் சளைத்ததல்ல. ஆறு ஓடுகிறது, படம் ஓடுகிறது, தையல் இயந்திரம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. காலி வீதியில் பஸ் ஓடுகிறது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014இலிருந்து மறுபடியும் யாழ்ப்பாணம்வரை ஓடுகிறது. இங்கெல்லாம் ஆங்கிலமும் 'ரன்' என்றே சொல்லும். வயிற்றோட்டத்தைக்கூட ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் 'ரன்ஸ்' என்பார்கள். இரு மொழிகளும் எப்படி ஒரே படத்தைப் பிடித்தன என்பது எனக்கு இன்றும் வியப்பு. கிரிக்கெட்டில் இலங்கைத் தமிழர் நாம் ஒரு படி மேலே போய்விட்டோம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 'ரன்' என்றே சொல்லிக்கொண்டிருக்க, நமது பத்திரிகைகள் 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. 1997இல் இந்தியாவுக்கு எதிராகக் கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் இலங்கை 6 விக்கெட் இழப்புக்கு எடுத்த 952ஐ ஓட்டங்கள் என்று எண்ணித்தான் நாம் மகிழ்ந்தோம்.

இத்தனை இடங்களில் கைகோத்து வரும் சொல், அடுத்த இடத்திலும் கூடவே வரும் என்று மனம் நம்பிவிடுகிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே கதைதான். வட பகுதியில் பிறந்த நாம் கார் 'ஓட்டுவதில்லை', கார் 'ஓடுவோம்'. அவன் நன்றாக லொறி ஓடுவான் என்றால் அவன் நல்ல சாரதி என்று அர்த்தம். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒருவர், கனடாவிலுள்ள அக்காவைப் பார்க்கப் போவதற்காகத் தன் தொழில் பற்றித் தமிழில் ஒரு சத்தியக் கடதாசி எழுதியிருந்தார். '2009இலிருந்து வான் ஓடுகிறேன்' என்பது அதில் ஒரு வசனம். யாரோ அதை 'ரன்னிங் எ வான்' என்று ஆங்கிலப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்கு, வான் வைத்துத் தொழில் நடத்துகிறேன் என்ற பொருள். விசா அலுவலர் வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் வரிப் பத்திரங்களையும் கேட்டார். மாதச் சம்பளத்துக்கு இன்னொருவருடைய வானை ஓடுகிற மனிதர் அவற்றுக்கு எங்கே போவார்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வருமானம் பற்றிய விளக்கம் திருப்தியாக இல்லை என்பது காரணம். இரண்டாம் முறை என்னிடம் வந்தார். 'சாரதியாக வேலை செய்கிறேன்' என்று முதலில் தமிழையே திருத்தி எழுதவைத்தேன். அதற்குப் பிறகு ஆங்கிலம் ஒரு நிமிட வேலை.

என் மனத்தை விட்டு அகலாதது மட்டக்குளியிலிருந்து வந்த ஒரு தாயின் முகம். மகனுக்கு இரண்டு குற்றங்களில் தண்டனை: ஒன்றுக்கு 2 ஆண்டுகள், மற்றதற்கு 3 ஆண்டுகள். தண்டனைகள் எப்படி 'ரன்' ஆக வேண்டும் என்று தீர்ப்பின் ஆங்கிலப் பிரதியில் இருந்தது. பக்கத்து வீட்டில் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அதை, "தண்டனைகள் தொடர்ந்து ஓடும்" என்று வாசித்துச் சொல்லியிருக்கிறது. தாய் விரல்விட்டு எண்ணி, 5 ஆண்டுகள் என்று முடிவுகட்டிவிட்டார். அந்த வினைச்சொல்லுக்கு அடுத்து நின்றது 'கன்கரன்ட்லி' என்ற சொல். இரண்டு தண்டனைகளையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்பது கட்டளை. அதாவது மொத்தமே 3 ஆண்டுகள். ஒன்று முடிந்து மற்றது தொடங்க வேண்டுமென்றால் 'கன்செக்யூட்டிவ்லி' என்று எழுதியிருப்பார்கள். ஓடுவது என்றால் நிற்காமல் தொடர்வதுதானே என்று எண்ணிய அந்தப் பிள்ளை, அடுத்து நின்ற சொல்லைப் பார்க்கவேயில்லை. விளக்கியபோது அந்த அம்மா அழுதார். எத்தனை மாதங்கள் அந்தக் கணக்கைச் சுமந்தார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த நாட்டில் 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. இருந்தும் சட்டத்தரணியின் கடிதம், வங்கியின் கடிதம், காப்புறுதிப் பத்திரம், தனியார் மருத்துவமனையின் படிவம் என்று கொழும்பில் நமது கைக்கு வருகிற கடதாசிகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கொடுமை என்று வையலாம், நானும் வைகிறேன். வைதுவிட்டு வாசிக்கத்தான் வேண்டும்.

வாசிக்கும்போது நான் பார்ப்பது வினைச்சொல்லை அல்ல, எழுவாயை. யார் அல்லது எது 'ரன்' ஆகிறது? மனிதன் என்றால் ஓடலாம், கடை நடத்தலாம், தேர்தலில் போட்டியிடலாம். நோய் என்றால் பரம்பரையில் தொடர்கிறது. படிவத்தில் நீரிழிவு 'ரன்' ஆகிறதா என்று கேட்டால், குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்றுதான் பொருள். வட்டி என்றால் ஏறுகிறது, கால அவகாசம் என்றால் எண்ணப்படுகிறது, எல்லைக்கோடு என்றால் செல்கிறது. 'ரன் அவுட்' வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மைதானத்தில் அது ஆட்டமிழப்பு. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு அது வேறொன்று. ஆங்கிலத்தில் நாங்கள்தான் 'ரன் அவுட்' ஆனோம். தமிழிலோ பெற்றோல் முடிந்துவிட்டது. எழுவாயே இடம் மாறிவிடுகிறது.

விபத்துக் கடதாசிகள் ஒரு தனி உலகம். வான் ஒன்று ஒருவரின் காலை 'ரன் ஓவர்' செய்தது என்றால் சில்லு காலின் மேல் ஏறியது என்று எழுத வேண்டும். 'காலின் மேலாக ஓடியது' என்றொரு மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு, எலியைப் பற்றியதா என்று கேட்டார் ஒரு சட்டத்தரணி. அதைவிட மோசமானது 'ரன் இன்டூ'. தன் மோட்டார் சைக்கிளில் மோதிய லொறியின் சாரதியைச் சில நாட்கள் கழித்துத் தெஹிவளையில் தற்செயலாகச் சந்தித்ததாகவும், அவர் தன் பிழையை ஒப்புக்கொண்டதாகவும் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். கைத்தொலைபேசிச் செயலி அதைத் தமிழில் 'லொறிச் சாரதியுடன் மோதினேன்' என்று ஆக்கிவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் அடிதடியாக மாறியது! செயலிகளை நான் வெறுப்பவனல்ல, நானும் பாவிக்கிறேன். ஆனால் அந்த வரியை அவர் அப்படியே முறைப்பாட்டில் சேர்த்திருந்தால் பொலிஸார் அவரிடம் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்.

இன்னொருவர், ஒரு பழைய ஆசிரியர். சில பரிசோதனைகளை 'ரன்' பண்ணுவோம் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலை ஓட்டச் சப்பாத்து அணிந்து மருத்துவமனைக்குப் போனாராம். இரத்தமும் சிறுநீரும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டு வாடகை ஒப்பந்தங்களையும் சொல்லிவிடுகிறேன், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் குடியிருப்போருக்குப் பயன்படும். வெளியேறுவதற்கு ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும், அது அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து 'ரன்' ஆகும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். மே 5ஆம் திகதி அறிவித்தல் கொடுத்துவிட்டு ஜூன் 5ஆம் திகதி பெட்டி கட்டினால், ஜூன் 30 வரையான வாடகை முற்பணத்திலிருந்து கழியும். வீட்டுக்காரரோடு சண்டை பிடித்துப் பலனில்லை. நாம்தான் கையெழுத்து வைத்திருக்கிறோம்.

என்னிடம் வரும்போது ஒரு வரியைக் கிழித்துக்கொண்டோ, படம் பிடித்துக்கொண்டோ வராதீர்கள். முழுக் கடிதத்தையும் கொண்டு வாருங்கள், வந்த உறையோடு கொண்டு வந்தால் இன்னும் நல்லது. நான் செய்து தரும் மொழிபெயர்ப்பையும் முத்திரை விழுவதற்கு முன் என் எதிரிலேயே வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் கதை உங்களுக்குத்தான் தெரியும். நடக்காதது ஏதாவது அதில் நடந்திருந்தால் நாக்கு அங்கே தடுக்கும்.

எனக்கும் தடுக்கிறது. இந்த வாரம் மேசையில் இருப்பது ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கான கோவை. லண்டனிலிருக்கும் மருமகன் கொழும்பிலுள்ள உறவினர்களுக்கு எழுதிய ஆங்கில மின்னஞ்சலில், மாமா பத்து வருடங்களாக வீட்டை 'ரன் டவுன்' செய்துவிட்டார் என்று இருக்கிறது. பராமரிக்காமல் பாழாகவிட்டார் என்றும் கொள்ளலாம். வாங்க வந்தவர்களிடமெல்லாம் வீட்டைப் பழித்துப் பேசினார் என்றும் கொள்ளலாம். முன்னும் பின்னுமுள்ள வரிகளை மூன்று முறை வாசித்தேன், இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. மாமாவுக்கு இரண்டும் ஒன்றல்ல. கோவையைக் கொண்டுவந்த சட்டத்தரணி மூலம் எது என்று கேட்டு எழுதவைத்திருக்கிறேன். பதில் வரும்வரை அந்த வரி வெறுமையாகத்தான் கிடக்கும்.