ஒட்டுண்ணி: சொல்லும் பொருளும்

பாராசைட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் கிரேக்கம். ‘பாரா’ என்றால் பக்கத்தில். ‘சிடோஸ்’ என்றால் தானியம், உணவு. பிறர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுபவர் ‘பாராசிடோஸ்’. பழைய ஏதென்ஸில் கோயில் விருந்தில் பங்குபெற்றவர்களுக்கு இது மரியாதையான பெயர். பிறகு நாடகங்களில், முகஸ்துதி பாடி ஓசிச் சாப்பாட்டில் காலம் தள்ளுபவரைக் குறித்தது. உயிரியலுக்குள் நுழைந்தது வெகு பின்னால்தான்.

தமிழில் ஒட்டுண்ணி, அதாவது ஒட்டிக்கொண்டு உண்பது. மாட்டின் காதுமடலில் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்குமே, அந்த உண்ணிதான் இதிலும் இருக்கிறது. மாமரக் கிளையில் முளைப்பதற்குப் புல்லுருவி என்று தனிப்பெயரே உண்டு. கிரேக்கச் சொல்லைவிட நம் சொல் பொருத்தமானது என்பேன். ஒட்டிக்கொள்வதையும் அது சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இருந்தும் பலர் ‘மலேரியா கிருமி’ என்றே எழுதுகிறார்கள். வடமொழியில் புழுவைக் குறித்த கிருமி, இன்று பாக்டீரியா, வைரஸ் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். பேச்சுக்குச் சரி. தடுப்பூசியைப் பற்றி எழுதும்போது ஒட்டுண்ணி என்றே எழுத வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்குதான். கொரோனா வைரஸ் சுமார் 30 புரதங்களை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறது. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துக்கு 5,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். கொசு கடிக்கும்போது ஓர் உருவம், கல்லீரலில் வேறு உருவம், ரத்தச் சிவப்பணுவில் இன்னொன்று. அந்தச் சிவப்பணுவின் மேற்பரப்பில் நீட்டும் புரதத்தையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். நம் எதிர்ப்புச் சக்தி ஒன்றை அடையாளம் கண்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அதனால்தான் 1987இல் உருவாக்கத் தொடங்கிய ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியாத் தடுப்பூசியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்க 2021 ஆனது. மனிதரைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணிக்கு எதிராக அது பரிந்துரைத்த முதல் தடுப்பூசி இது. கொசு செலுத்தும் முதல் உருவத்தின் மேலுறைப் புரதத் துண்டு ஒன்றை, ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதத்தோடு இணைத்துச் செய்தார்கள். பெரிய சோதனையில், 4 தவணை போட்ட குழந்தைகளிடம் 4 ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்தது. எண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கானா, கென்யா, மலாவியில் 2019 முதல் போட்டுப் பார்த்தபோது குழந்தை இறப்பே 13 சதவீதம் குறைந்தது. அப்புறம் 2023இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆர்21 என்ற இன்னொரு மலேரியாத் தடுப்பூசியும் பரிந்துரை பெற்றது. அதைத் தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்.

எழுதும்போது ‘ஒட்டுண்ணித் தடுப்பூசி’ என்று வல்லினம் மிக வேண்டும். யானைக்கால் நோயைத் தரும் புழுவும் ஒட்டுண்ணிதான். அதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஊர் ஊராக மாத்திரைதான் கொடுக்கிறார்கள்.